தொட்டுப் பார்க்காமல் எழுதிய தீர்ப்பு

அலங்காநல்லூரில் பிறந்தவன் ஜப்பான் பொம்மைகளை வாங்கி அலமாரியில் அடுக்குவது பிறந்த மண்ணுக்குச் செய்யும் துரோகம் என்று பொங்கல் மலரில் ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். வளர்ந்தவர்கள் விளையாட்டுச் சாமானுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவது மனம் வளராததன் அடையாளமாம். ஒரே அச்சில் ஆயிரமாயிரமாய் வார்த்த பிளாஸ்டிக்கில் நல்லது கெட்டது பார்க்க எதுவும் கிடையாதாம். அந்தக் காசு மண் பொம்மை செய்யும் விளாச்சேரிக் குயவருக்குப் போயிருக்க வேண்டுமாம். அரசு போட்டிருக்கும் இறக்குமதி வரி போதாது, இன்னும் ஏற்ற வேண்டுமாம். சுருக்கினால் அவர் சொல்வது இவ்வளவுதான். கட்டுரை முழுவதும் தேடிவிட்டேன்; ஃபிகர் என்று நாங்கள் சொல்லும் இந்தப் பொம்மைகளில் ஒன்றின் பெயர்கூட இல்லை. செய்த நிறுவனத்தின் பெயர் இல்லை. முழங்கால் எப்படி மடங்குகிறது, முகம் எப்படி அச்சாகிறது என்று கையில் எடுத்துப் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு வரி இல்லை. பார்க்காத ஒன்றின் மீது தீர்ப்பு எழுதியிருக்கிறார். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஊரில் அவருக்குள்ள மரியாதை அப்படியே இருக்கட்டும். அவருடைய வாதத்துக்கு அந்த மரியாதையைக் கொடுக்க முடியாது.

குழந்தை விளையாட்டு என்கிறீர்கள், ஐயா. பண்டாய் நிறுவனத்தின் எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ் என்ற ஃபிகர் வரிசையின் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்திருந்தால் இதை எழுத உங்களுக்குக் கை வந்திருக்காது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். நகம் அளவிலான மாற்றுக் கைகள், கூரான முடி நுனிகள், விழுங்கிவிடக்கூடிய ஆணிகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. நம் அரசின் 2020ஆம் ஆண்டு பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொருளைத்தான் பொம்மை என்று வரையறுக்கிறது. செய்தவன் குழந்தைக்கு இல்லை என்கிறான். சட்டம் குழந்தைப் பொம்மைக்கு ஒரு எல்லை வகுத்திருக்கிறது. இரண்டையும் படிக்காமல் எங்களைக் குழந்தைகள் என்று எழுதுவது பொறுப்பற்ற வேலை.

சரி, வளர்ந்தவர்கள் பொம்மை சேர்க்கலாமா? புரட்டாசியில் கொலு வைப்பவர்கள் யார்? ஒற்றைப்படையில் படி கட்டி, தசாவதார செட், கல்யாண செட், கிரிக்கெட் செட், செட்டியார் பொம்மை என்று வரிசை பிரித்து, வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்த்து, விழா முடிந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுகிறவர்கள் முப்பதும் அறுபதும் கடந்தவர்கள். பாட்டி வைத்திருந்த செம்மர மரப்பாச்சி பேத்தி கைக்கு வருவது சேகரிப்பு அல்லாமல் வேறென்ன? அது பக்தி என்பீர்கள். கிரிக்கெட் செட்டில் எந்தச் சாமிக்கு பக்தி? ஜப்பானிலும் இப்படி ஒன்று உண்டு: மார்ச் 3ஆம் தேதி ஹினா மட்சுரி. சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசன் அரசியை மேலே வைத்து, சேடியரையும் இசைக்காரர்களையும் கீழ்ப்படிகளில் அடுக்கி, பெண் குழந்தைகளுக்காக வீட்டில் பொம்மை வைக்கிறார்கள். ஃபிகர் செய்யும் நாட்டின் பொம்மைப் பழக்கம் இது. நம் கொலுப் படியைப் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி, எல்லாம் ஒரே பிளாஸ்டிக் என்ற பேச்சு. உங்கள் கட்டுரையிலேயே என்னை அதிகம் கோபப்படுத்தியது இதுதான். காரணம், இதை எழுதியவர் அலங்காநல்லூர்க்காரர். மாடு அவிழ்த்துக் கொண்டுவரும்போதே திமிலின் ஏற்றம், நெஞ்சின் அகலம், கொம்பின் வாக்கு, எந்தச் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும் ஊர் இது. புலிக்குளத்துக்கும் காங்கேயத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்துப் பையன் சொல்வான். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து மாடெல்லாம் மாடுதானே என்றால் அவரை நாம் என்ன நினைப்போம்? ஃபிகரைப் பற்றி நீங்கள் சொன்னதும் அதே தரத்துப் பேச்சு.

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். மூட்டுள்ள ஃபிகரில் இரண்டு தேவைகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. உடல்வாகு அழகாக இருக்க வேண்டுமென்றால் மூட்டு கண்ணில் படக் கூடாது. நன்றாக மடங்க வேண்டுமென்றால் மூட்டுக்காகச் சதையை வெட்டியே ஆக வேண்டும். செய்கிறவனின் திறமை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் எடுக்கும் முடிவில் இருக்கிறது. டிராகன் பால் அனிமேயின் நாயகன் கோகு, கமேகமேஹா என்ற தாக்குதலுக்குக் கை சேர்த்து நிற்கும் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கட்டும் ஒட்டி, உள்ளங்கைகள் விரிந்து, ஒரு பக்க இடுப்போரம் வந்து நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கை மார்பைக் குறுக்கே கடந்து வந்தாக வேண்டும். தோளில் உள்ள பந்து சுழன்றால் மட்டும் இது நடக்காது. தோள்பட்டையே முன்பக்கம் மடிந்து மார்புக்குள் வர வேண்டும். மார்பும் இடுப்பும் தனித்தனியாகத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பிய பிறகும் அக்குளில் பள்ளம் தெரியாமல், மார்புத் தசை கிழிந்ததுபோல் ஆகாமல் இருக்க வேண்டும். ஒரு கோகுவை மதிப்பிட இந்த ஒரு நிலையே போதும். ஒரே பாத்திரம், ஒரே உயரம், இரண்டு வேறு வருடத்து வெளியீடுகள். ஒன்றில் கைகள் சேரும், மற்றதில் விரலிடை தள்ளி நிற்கும்.

கால்களுக்கு வாருங்கள். முழங்காலில் இரட்டை மூட்டு இருந்தால் குதிகால் தொடையின் பின்புறம் வரை வரும். மடக்கிய பிறகு முழங்கால் சில்லு தனியே தொங்குகிறதா, தொடையோடு இழைந்து நிற்கிறதா? காலை அகட்டி நிறுத்தினால் கணுக்கால் பக்கவாட்டில் சாய்ந்து பாதம் முழுவதும் தரையில் படிகிறதா, விளிம்பில் நிற்கிறதா? இடுப்பு மூட்டைச் சற்றுக் கீழே இழுத்துக் காலை உயர்த்த முடிகிறதா? ஸ்டாண்டு இல்லாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது? டிமான் ஸ்லேயர் அனிமேயின் நாயகன் தஞ்ஜிரோவின் கட்டம்போட்ட மேலங்கியைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தால் கை உயராது. மென்மையான பிவிசியில் வார்த்தால் துணி மடிப்பு கூர்மை இழக்கும். அங்கியை எந்த இடத்தில் வெட்டி எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்பதில் செய்தவனின் மூளை தெரியும். டிமான் ஸ்லேயர் படம் 2025 செப்டம்பரில் தமிழ் பேசிக்கொண்டே நம்மூர்த் திரைக்கு வந்தது; பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் பாத்திரத்தின் நிற்கும் தோரணையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அதைக் கேட்கக்கூட உங்களுக்குப் பொறுமை இருக்கவில்லை.

இதற்கெல்லாம் ஒரு வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1964இல் ஜி.ஐ.ஜோவை இறக்கியது. ஜப்பானின் டகாரா அந்த உடலை அடித்தளமாக வைத்து 1972இல் ஹென்ஷின் சைபோர்க்கைச் செய்தது. 1974இல் அதையே பத்து சென்டிமீட்டர் அளவுக்குச் சுருக்கி மைக்ரோமேன் என்று கொண்டுவந்தது. கையோடோ என்ற நிறுவனம் 1964இல் ஒசாகா பக்கத்து மோரிகுச்சியில் ஐம்பது சதுர அடி சொச்சத்தில் ஒரு மாடல் கடையாகத் தொடங்கியது. 2006இல் அவர்கள் ரெவோல்டெக் வரிசையைக் கொண்டுவந்தார்கள். கட்சுஹிசா யாமாகுச்சி என்ற சிற்பியின் பெயர் அதோடு பிரிக்க முடியாதது. திருப்பும்போது கடக் கடக்கென்று படிப்படியாக நிற்கும் மூட்டு அது. எந்த நிலையிலும் தளராமல் பிடித்துக்கொள்ளும், ஆனால் இரண்டு படிக்கு நடுவே நிறுத்த முடியாது. 2008இல் மேக்ஸ் ஃபேக்டரியின் ஃபிக்மா வந்தது. முதல் எண் நாகாட்டோ யூக்கி, பள்ளிச் சீருடையில் ஒல்லியான ஒரு பெண். மசாக்கி அசாய் என்ற சிற்பி அதில் எடுத்த வழி வேறு: மூட்டு சிறியது, வழுவழுப்பாகத் திரும்புவது, உடல்கோட்டை உடைக்காதது. அதே வருடம் பண்டாயின் ஃபிகுவார்ட்ஸும் தொடங்கியது. பிடிப்பா, வழுக்கலா, உருவமா, அசைவா என்று அரை நூற்றாண்டாக நடக்கும் வாக்குவாதம் இது. என் சார்பையும் சொல்லிவிடுகிறேன்: நான் ஃபிக்மா பக்கம். நின்ற நிலையில் மனித உடலாகத் தெரியாத ஒன்று எத்தனை டிகிரி மடங்கினாலும் எனக்குத் திருப்தி இல்லை. கையோடோவின் உருவங்கள் 2004இல் வெனிஸ் கட்டடக்கலைப் பியன்னாலேயில் ஜப்பான் அரங்கில் வைக்கப்பட்டன. நீங்கள் பார்க்க எதுவும் இல்லை என்று சொன்னதைப் பார்க்கத்தான் அங்கே ஆட்கள் நடந்து வந்தார்கள்.

நம்மூரில் மதிப்பிடுவதற்கு இன்னொரு கணக்கும் சேர்கிறது, அது ஜப்பானியர் எழுதும் விமர்சனங்களில் கிடைக்காது. வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் மதுரைச் சீமையில், மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரி அடுப்படிச் சூட்டில் இருக்கும். பிவிசி சூட்டில் இளகும். மெல்லிய கணுக்காலில் முழு எடையையும் தாங்கி நிற்கும் ஃபிகர் மெதுவாகச் சாயும். பிளாஸ்டிக்கை நெகிழ்வாக வைக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுக்கும். லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். கருநீல உடை வெளிர் நிறக் கையை மாதக்கணக்கில் ஒட்டியே இருந்தால் சாயம் ஏறிவிடும், அது போகாது. வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெளிச்சத்தில் மஞ்சள் பூக்கும். எனவே இங்கே வாங்குகிறவன் மூட்டின் ஊசி எந்தப் பொருளில் செய்யப்பட்டது என்று கேட்கிறான். பாலிஅசிட்டால் என்றால் நிம்மதி. வளைந்துபோன வாளை வெந்நீரில் முக்கி நேராக்கி உடனே குளிர்ந்த தண்ணீரில் நிறுத்துகிறான். தளர்ந்த மூட்டின் பந்தைக் கழற்றி ஃப்ளோர் பாலிஷை மெல்லிசாகத் தடவி முழுக்கக் காயவிட்டுத் திரும்ப மாட்டுகிறான். பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் மதிப்பு கூடும் என்று நம்புகிறவர்களிடம், அடைத்த பெட்டிக்குள் கசிவு வெளியேற வழியில்லாமல் உருவத்தின் மீதே படியும் என்று எடுத்துச் சொல்கிறான். பொருளின் குணம் தெரிந்து, ஊரின் பருவம் தெரிந்து, கைப்பக்குவத்தோடு செய்யும் வேலை இது. இதைச் செய்கிற பையனுக்கு மனம் வளரவில்லை என்று எழுத உங்களுக்கு என்ன தகுதி?

அடுத்தது அச்சு. அச்சில் வார்த்தால் கலை இல்லை என்பது உங்கள் கொள்கை. அப்படியானால் விளாச்சேரியை எந்த முகத்தோடு இழுத்தீர்கள்? திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்கு ஒருமுறை போயிருந்தால் திண்ணைகளில் வரிசையாகக் காயும் அச்சுகள் கண்ணில் பட்டிருக்கும். கொலுப் பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் செட்டும் அச்சில்தான் உருவாகின்றன. ஒரு அச்சிலிருந்து எத்தனையோ கிருஷ்ணர்கள் வருகிறார்கள். வார்த்து எடுத்தபின் ஓரத்துப் பிசிறைச் சீவி, ஒட்டுத் தெரியாமல் தேய்த்து, காயவைத்துச் சுட்டு, வர்ணம் பூசி, கடைசியில் கண் எழுதுகிறார்களே, அங்கேதான் ஒரு கிருஷ்ணர் இன்னொரு கிருஷ்ணரிடமிருந்து பிரிகிறார். கண் எழுதும் கை பழகிய கையா, நேற்று வந்த கையா என்று பொம்மை வாங்கும் அம்மாக்கள் ஒரே பார்வையில் சொல்வார்கள். ஃபிகர் சேகரிப்பவனும் அதையேதான் பார்க்கிறான்: ஒட்டுக்கோடு தெரிகிறதா, முடியின் அடியில் வர்ணம் வழிந்திருக்கிறதா, கண் பதிந்த இடம் மயிரிழை விலகியிருக்கிறதா. உங்கள் கொள்கையை ஒப்புக்கொண்டால் முதலில் அடிபடுவது விளாச்சேரிக் குடும்பங்கள்தான். அவர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே அவர்கள் தொழிலின் அடிமடியில் கைவைத்திருக்கிறீர்கள்.

மூட்டுள்ள பொம்மை நம் மரபில் இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வேறு. தமிழ்நாட்டுப் பொம்மலாட்டப் பாவையை நீங்கள் பார்த்ததே இல்லையா? இந்திய மரபுக் கயிற்றுப் பாவைகளிலேயே பெரியவை, கனமானவை, அதிக மூட்டசைவு உள்ளவை நம்முடையவைதாம். நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை வரை வரும். கயிறுகளை ஒரு இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தைத் தலையில் சூடிக்கொண்டு, கைகளைக் கோல்களால் இயக்கி ஆட்டுகிறார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று தனித்தனியாக அசையும் மர உடல் அது. தோற்பாவையிலும் கையும் காலும் தனித்துண்டுகளாக வெட்டிக் கோக்கப்படுகின்றன. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பெண்ணின் தலையும் உடலும் பாவாடையும் தனித்தனியாகத் தாங்கி நின்று ஆடுகின்றன. திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்திலேயே கயிற்றில் இயங்கும் மரப்பாவை வந்துவிட்டது. உருவத்துக்கு மூட்டு வைத்து உயிர்த்தோற்றம் கொடுப்பதில் இவ்வளவு பழகிய ஒரு மொழியின் ஆள், மூட்டுள்ள பொம்மையைக் கண்டு அந்நியம் என்று முகம் சுளிப்பது சொந்த மரபைப் படிக்காததன் விளைவு. மண், மண் என்று பேசுகிறீர்கள். ஜல்லிக்கட்டு வாடிவாசலில் பரிசாகக் கொடுக்கும் காரும் பைக்கும் இந்த மண்ணில் விளைந்தவையா? அவற்றை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

வரி பற்றி எழுதியதில் கொஞ்சமாவது கணக்குப் பார்த்திருக்கலாம். பொம்மைகளின் மீதான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதமாக இருந்தது. 2020 பிப்ரவரியில் 60 சதவீதமாக்கினார்கள். 2023 பட்ஜெட்டில் 70 ஆக்கினார்கள். போதாது என்கிறீர்கள். ஜப்பானில் எட்டாயிரம் யென் அளவில் விற்கும் ஒரு ஃபிகர் இங்கே கடைக்கு வரும்போது என்ன விலை ஆகும் என்று போட்டுப் பாருங்கள். ஆனால் அந்த வரியால் விளாச்சேரியில் ஒரு தசாவதார செட்டாவது கூடுதலாக விற்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்? கோகு வாங்க நினைத்தவன் விலை ஏறிவிட்டது என்று மச்சாவதாரம் வாங்கப்போவதில்லை. அவனிடம் போலி வந்து சேர்கிறது. மூட்டு முதல் வாரத்திலேயே தளர்ந்து, வர்ணம் கையில் ஒட்டி, பிரித்ததும் நெடி அடிக்கும் டூப்ளிகேட் அது. மூலச் சிற்பிக்கு ஒரு பைசா போகாது, நம் அரசுக்கும் உருப்படியாக எதுவும் போகாது, அந்த வர்ணத்தில் என்ன இருக்கிறது என்று எவரும் சோதித்திருக்க மாட்டார்கள். விளாச்சேரிக்காரர்கள் கேட்பது வேறு. கண்மாயில் மண் எடுக்க அனுமதி வேண்டும். விற்பனைக்கு முந்தைய மழை மாதங்களில் பொம்மை காயவைக்க இடம் வேண்டும். நவராத்திரிக்கு மாதங்களுக்கு முன்பே மண்ணிலும் வர்ணத்திலும் போட முதல் வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைக்கூட உங்கள் கட்டுரை தொடவில்லை. குயவர்களின் பெயரைப் பயன்படுத்திக்கொண்டீர்கள், அவர்களின் பிரச்சினையைப் பயன்படுத்திக்கொள்ளக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை.

நீங்கள் சொல்லியிருக்க வேண்டியவை சில உண்டு. ப்ரீ ஆர்டர் மூடிவிடும் என்ற பதற்றத்தில் பிடிக்காத பாத்திரத்தைக்கூட வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடன் அட்டையில் வாங்கிப் பெட்டி பெட்டியாக அடுக்கி, ஒன்றையும் எடுத்து நிறுத்திப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். இரட்டை விலைக்கு மறுவிற்பனை செய்வதற்காகவே வாங்கிப் பதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டித்திருந்தால் நானும் உங்கள் பக்கம் கையெழுத்துப் போட்டிருப்பேன். பிளாஸ்டிக் பற்றிய கவலையும் நியாயம்தான், ஆனால் வாங்கிய பொருளை இருபது வருடம் கழுவித் துடைத்துப் பழுதுபார்த்து வைத்திருப்பவனிடம் அந்தப் பிரசங்கத்தைத் தொடங்குவது முறையில்லை. பார்க்காமல் வாங்குகிறவனையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவனையும் ஒரே கூடையில் போட்டுக் கொளுத்திவிட்டீர்கள். அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததற்குக் காரணம், பொம்மையை மதிப்பிட முடியும் என்பதையே நீங்கள் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கை ஜப்பான் பொம்மையோடு நிற்காது. மண் பொம்மைக்கு முன்னால் போய் நின்றாலும் அது வரும். எல்லாம் மண்தானே என்று பேரம் பேச வைக்கும். கண் எழுதத் தெரிந்த கைக்கும் தெரியாத கைக்கும் ஒரே கூலி கொடுக்க வைக்கும். நல்ல கைகள் தொழிலை விட்டுப் போவது அப்படித்தான்.

ஆகவே, எனக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் பொதுப்பேச்சு வேண்டாம். ஆவணி மாதத்தில், கொலு வியாபாரம் சூடுபிடிக்கும்போது, விளாச்சேரிக்குப் போங்கள். ஒரு தசாவதார செட்டை எடுத்து வாமனரின் குடை எந்த இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது, நரசிம்மரின் விரல்கள் அச்சில் வந்தவையா, பிறகு கையால் வைத்தவையா, பரசுராமரின் கண் யார் எழுதியது என்று கேட்டு எழுதுங்கள். என்னிடம் இருக்கும் கோகுவையும் தருகிறேன், அதையும் கையில் எடுத்து, தோளை மடக்கி, மணிக்கட்டுகளைச் சேர்த்துப் பார்த்து, சேராவிட்டால் சேரவில்லை என்றே எழுதுங்கள். இரண்டுக்கும் நீங்கள் கொடுத்த விலையையும் கட்டுரையில் போடுங்கள். விளாச்சேரியில் பேரம் பேசினீர்களா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.